காவேரிக் கரையின் பெற்றோர்களுக்கு: ஹாக்கி மட்டையைப் பரணில் ஏற்றாதீர்கள்



தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று இன்று நான்காகப் பிரிந்திருக்கும் பழைய தஞ்சை ஜில்லாவிலும், கொள்ளிடத்துக்கு அப்பால் அரியலூர்ச் சீமையிலும், எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். எந்த விளையாட்டுச் சங்கத்திலும் நான் பதவி வகிக்கவில்லை. எந்த ஸ்தாபனத்தின் சார்பிலும் பேசவில்லை. நெடுங்காலம் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியனாக இருந்து, மாலை மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதைப் பார்த்துப் பழகியவன் என்பதைத் தவிர உங்களிடம் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆயினும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதை வேறு யார் வாயிலாகவும் அனுப்பாமல் உங்களிடமே சொல்லிவிடுவதுதான் முறை.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி நம் வாய்க்கால்களுக்கு வரும் என்று நீங்கள் காத்திருக்கிற நாட்களில், பள்ளிக்கூடமும் திறக்கிறது. திறந்ததும் பார்த்தால், சென்ற ஆண்டு வரை மைதானத்தில் முன்னணியில் நின்று ஆடிய பிள்ளைகளைக் காணோம். அவர்கள் பள்ளியில்தான் இருக்கிறார்கள், பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், “அப்பா இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஐயா” என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள். மட்டை பரணில் ஏறுகிறது. மாலை நேரம் டியூஷனுக்குப் போகிறது. வாரத்தில் இரண்டு முறை வந்துகொண்டிருந்த உடற்கல்விப் பாடவேளையையும் மற்றப் பாடங்களுக்காகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், அதை நீங்களும் சரி என்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும் என்பது உங்கள் சமாதானம். அந்தச் சமாதானத்தைக் குறித்துத்தான் உங்களோடு வாதாட வந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஹாக்கி வராது. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தின் லட்சணமே அப்படி அமைந்திருக்கிறது. தொண்ணூற்றோரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் ஐம்பத்தைந்து மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தில், ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்தை, மட்டையின் தட்டையான ஒரு முகத்தால் மாத்திரமே தொடலாம் என்பது விதி. மறுபுறத்து உருண்ட முகம் பட்டால் குற்றம். ஆகவே எதிரியை வலமும் இடமுமாக ஏய்த்துக்கொண்டு போக வேண்டியவன், ஓடும்போதே கணத்துக்குக் கணம் மணிக்கட்டைத் திருப்பி, மட்டையைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் பிடிக்க வேண்டியிருக்கிறது. கண் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தோழன் நிற்கும் இடம் தெரியாது, தோழனைப் பார்த்தால் பந்து போய்விடும். இரண்டையும் பாராமல் இரண்டையும் அறிகிற ஒரு பழக்கம் உடம்பில் ஊற வேண்டும். பெனால்டி கார்னரில், பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து, இடுப்பைச் சுழற்றி, கோலின் மூலையைப் பார்த்து வீசுகிற டிராக் ஃபிளிக் என்னும் வித்தையைக் கைவரப் பெற ஆயிரக்கணக்கான வீச்சுகள் வேண்டும். இவையெல்லாம் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில், எலும்பும் தசையும் வளர்கிற பருவத்தில், வளர்ச்சியோடு கலந்து சேர்கிற சக்திகள். நீங்கள் பத்தாம் வகுப்பில் நிறுத்திப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து மட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, நிறுத்திய இடத்திலிருந்து பிள்ளையால் தொடங்க முடியாது.

வேறு எந்தச் சீமையில் உள்ளவர்களுக்கும் இதை விளக்குவது கடினமாக இருக்கலாம். உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை என்று நான் நினைக்கிறேன். நாகஸ்வரமும் தவிலும் தழைத்த மண் இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்கள் 1956-ஆம் வருஷம் மறைந்து இத்தனை காலம் ஆகியும், அவருடைய தோடியைக் கேட்டவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இன்னும் உங்கள் தெருக்களில் இருக்கின்றன. சீவாளி பிடித்த பிள்ளையை, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக இரண்டு வருஷம் வாத்தியத்தை உறையில் போட்டுவைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள் என்று எந்த நாகஸ்வரக் குடும்பத்திலாவது, எந்த மேளக்காரர் வீட்டிலாவது சொன்னதுண்டா? விடியற்காலையில் எழுப்பி உட்காரவைத்து, ஒரே வரிசையை நூறு முறை வாசிக்கச் சொல்லி, அசுரசாதகம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து, அந்த உழைப்பை மரியாதையோடு பார்த்த ஜனங்கள் நாம். சாதகத்துக்கு ஒரு வயது உண்டு, அந்த வயது தாண்டினால் விரலும் மூச்சும் வசப்படா என்பதை நம் பாட்டன்மார்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மணிக்கட்டும் முழங்காலும் அதே நியாயத்துக்கு உட்பட்டவைதாம். வித்தை என்று ஒன்றை ஒப்புக்கொண்டவர்கள், மற்றொன்றை வெறும் விளையாட்டு என்று தள்ளுவது என்ன நியாயம்?

உங்கள் பயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ஒரே இரவில், முப்பது நாற்பது வருஷம் வளர்த்த தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததைப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் குடும்பங்கள் கண்டிருக்கின்றன. குறுவைக்குத் தண்ணீர் வருமா, சம்பா கதிர் பிடிக்கிற சமயத்தில் மழை மூழ்கடிக்காமல் இருக்குமா, கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடுக்கும் வரை நெல் முளைக்காமல் இருக்குமா என்று ஆண்டு முழுவதும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், தம் பிள்ளையாவது மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுவதில் பிசகு என்ன இருக்கிறது? நிச்சயமில்லாத ஒரு ஜீவனத்திலிருந்து தப்பிக்க நினைக்கிறவர்களிடம் போய், நிச்சயமில்லாத மற்றொன்றைச் சிபாரிசு செய்கிறவன் என்று என்னை நீங்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆதலால் ஹாக்கிக்காரனுடைய வாழ்க்கையை மெருகிட்டுக் காட்டாமல், உள்ளது உள்ளபடி உங்கள் முன் வைக்கிறேன். அதற்குத் தன்ராஜ் பிள்ளையின் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

புனா நகரத்தை அடுத்த கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதன் குடியிருப்பில், நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா என்ற தமிழ்த் தம்பதிகளுக்கு 1968 ஜூலை 16-ஆம் தேதி பிறந்தவர் தன்ராஜ். தகப்பனார் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். ஐந்து பிள்ளைகள், வருமானம் சொற்பம். புது மட்டை வாங்கக் கையில் பணம் கிடையாது என்பதால், பெரியவர்கள் ஆடி ஒடித்துப் போட்ட மட்டைகளையும் தேய்ந்துபோன பந்துகளையும் வைத்துக்கொண்டு, ஈரமண் தரையில் அந்தப் பிள்ளைகள் ஆடிக் கற்றார்கள். இந்த வரலாற்றில் என் மனத்தை எப்போதும் ஈர்க்கிற பாத்திரம் ஆண்டாளம்மாதான். அவ்வளவு வறுமையிலும் அந்த அம்மாள் ஐந்து பிள்ளைகளையும் ஹாக்கி ஆடச் சொல்லி ஊக்கினார். 2007-இல் வெளிவந்த தன்ராஜின் வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பே தாயாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற வாசகமாக அமைந்திருக்கிறது. மூத்தவர் ரமேஷ் பம்பாயில் ஆர்.சி.எஃப். நிறுவனத்தின் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார், இந்தியாவுக்கும் ஆடியவர். அவரிடம் போய்ச் சேர்ந்த தம்பி, மகீந்திரா நிறுவனத்தின் அணியிலும் பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸிலும் இடம் பெற்று, 1989-இல் டில்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் தேசத்தின் சட்டையை அணிந்தார். அந்தச் சட்டையை அவர் கழற்றியது 2004 ஆகஸ்டில்.

இடைப்பட்ட பதினைந்து வருஷங்களில் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் டிராஃபி என்று அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 339 என்று கணக்குச் சொல்கிறார்கள். எத்தனை கோல் போட்டார் என்பதைத் தேசத்தின் ஹாக்கி நிர்வாகம் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. உள்நாட்டு ஆட்டத்தில் கிடைத்த வரும்படி போதாமல், லண்டனில் இந்தியன் ஜிம்கானாவுக்கும், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கும், பிரான்சில் லியோனுக்கும், மலேசியாவில் வங்கி அணிக்கும், டாக்காவில் அபாஹனிக்கும் கூலிக்கு ஆடினார். கூலிக்கு என்ற சொல்லை இழிவாகக் கருதாதீர்கள். உழைப்பை விற்று ஊதியம் பெறுகிறவனே தொழில் ஆட்டக்காரன். 1998-இல் பாங்காக்கில் அவருடைய தலைமையில் இந்தியா ஆசிய விளையாட்டின் தங்கத்தை வென்றது. 1966-க்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த தங்கம் அது. அந்த வெற்றியின் ஈரம் காய்வதற்குள், தலைவரையும் இன்னும் சில மூத்த வீரர்களையும், ஓய்வு கொடுக்கிறோம் என்ற பெயரில் அணியிலிருந்து விலக்கினார்கள். படிகளுக்காகவும் கௌரவமான நடத்துகைக்காகவும் வாய் திறந்து பேசியதே காரணம் என்று நாடு முழுவதும் பேசப்பட்டது. பிறகு மீண்டும் அழைக்கப்பட்டு, 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆடினார். போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜெயித்தால் அரையிறுதி. ஒரு கோல் முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய இரண்டு நிமிஷங்கூட இல்லாத சமயத்தில் ஒரு கோலை விட்டுக்கொடுத்தது. மைதானத்தில் அவர் கண்ணீர் விட்டார். நான்கு ஒலிம்பிக்கில் ஆடியும் ஒரு பதக்கம்கூட அவர் கழுத்தில் விழவில்லை. கேல் ரத்னா விருதும் 2001-இல் பத்மஸ்ரீயும் வந்தன. 2003-இல் கோலாலம்பூரில் அவர் தலைமையில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று ஆசியக் கோப்பையும் வந்தது. ஒலிம்பிக் பதக்கம் வரவேயில்லை.

இதுதான் நீங்கள் பயப்படுகிற வாழ்க்கை. இதில் கீர்த்தி உண்டு, அவமானம் உண்டு. வெளிநாட்டு விமானம் உண்டு, ஊர் திரும்பினால் வரவேற்க ஆளில்லாத ரயிலடி உண்டு. முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதில் பெரும்பாலோருக்கு ஆட்டம் முடிந்துவிடுகிறது. முழங்கால் ஜவ்வு கிழிந்தால் இருபத்திரண்டிலேயே முடிந்துவிடலாம். பல்லும் விரலும் உடைவதெல்லாம் அந்தத் தொழிலில் கணக்கில் சேராத காயங்கள். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டுக் கேட்கிறேன்: மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் குடும்பம் நடத்திய ஒருவருடைய பிள்ளை, உலகத்தின் மிகச் சிறந்த முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவன் என்று ஐரோப்பியர்களே ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்தது எதனால்? வீட்டில் யாரும் அவன் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. திறமை எத்தனையோ பிள்ளைகளுக்கு இருந்திருக்கும். பிடுங்காத வீடு எத்தனை பேருக்கு வாய்த்தது?

இந்தப் பாக்கியம் புனாவில் பிறந்த தமிழனுக்குத்தான் கிடைக்குமா என்றால், சென்னையைப் பாருங்கள். விக்டர் ஜான் பீட்டர் 1960-இல் ரோமில் வெள்ளியும், 1964-இல் டோக்கியோவில் தங்கமும், 1968-இல் மெக்ஸிகோவில் வெண்கலமும் பெற்ற அணிகளில் ஆடினார். அவர் தம்பி பிலிப்ஸ், 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று தோற்கடித்து உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்; அந்தக் கோப்பையை இந்திய ஆண்கள் அணி அதற்கு முன்னும் வென்றதில்லை, பின்னும் வென்றதில்லை. 1980-இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று, இந்தியா கடைசியாகப் பெற்ற ஒலிம்பிக் தங்கத்தைத் தலைவனாக நின்று வாங்கியவர் சென்னை வாசுதேவன் பாஸ்கரன். பீட்டரையும் பிலிப்ஸையும் போல ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் இந்த உயரத்துக்கு வர வேண்டுமானால், அந்த வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆட்டத்தின் தரையே மாறிவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. முந்தின ஆண்டு உலகத்தை வென்ற இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்கு இறங்கியது. மண்தரையில் மெல்ல உருண்டு கைக்கு வந்த பந்து, நீர் தெளித்த செயற்கைப் புல்லில் பாய்ந்தோடுகிறது. மண்ணில் கற்றவன் அங்கே முதல் நாள் தடுமாறத்தான் செய்வான். கிராமத்துப் பிள்ளைக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கதவு தூரத்துக்குப் போயிருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் கூட வர வேண்டும், அவ்வளவுதான். அரியலூர் நமக்குக் கொள்ளிடத்தின் அக்கரை. அந்த ஊர்க் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் கோவில்பட்டியில் அரசாங்கம் நடத்துகிற ஹாக்கி விடுதியில் பயின்று, 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் இடம் பெற்று, வெண்கலத்தோடு திரும்பினார்கள். மறு ஆண்டு சென்னை எழும்பூர் மைதானத்தில் மலேசியாவுக்கு எதிராக இந்தியா போட்ட ஐந்து கோல்களில் முதல் கோல் கார்த்தியுடையது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற கரிசல் பூமியின் ஒரு சிறிய ஊரான கோவில்பட்டி, தலைமுறை தலைமுறையாக ஹாக்கிக்காரர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. வாய்க்காலும் வயலும் நிறைந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட வலுவில்லாத கால்களா இருக்கின்றன?

கால்நடை வளர்க்கிற உங்களுக்கு இன்னொரு குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்தில் எர்ணாகுளம் பக்கத்துக் கிழக்கம்பலம் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி இருந்தார். அவர் மகன் ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்து, கோல்கீப்பராக நிற்க விரும்பினான். கோல்கீப்பருக்குக் காலிலும் மார்பிலும் முகத்திலும் கட்டிக்கொள்ளும் கவசங்கள் வேண்டும். அவை மற்றவர்களுடைய மட்டையைக் காட்டிலும் பல மடங்கு விலை. தகப்பனார் வீட்டுக் கறவைப் பசுவை விற்று அந்தக் கவசங்களை வாங்கிக் கொடுத்தார். கறவைப் பசுவை விற்பது என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி டோக்கியோவில், ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிச் சில வினாடிகளில் வந்த பெனால்டி கார்னரை அந்த மகன் தடுத்து நிறுத்தினான். இந்தியா 5-4 என்று வென்று, நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் பெற்றது. 2024-இல் பாரிஸிலும் வெண்கலம் பெற்றுக் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஓய்வு பெற்றார்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மாட்டேன். ஆண்பிள்ளையின் மட்டை பத்தாம் வகுப்பில் பரணுக்குப் போகிறதென்றால், பெண்பிள்ளையின் மட்டை அவள் வயதுக்கு வந்த மறுநாளே போய்விடுகிறது. அரைக்கால் சட்டை அணிய வேண்டியிருக்கிறது, வெளியூர் போக வேண்டியிருக்கிறது, வெயிலில் கறுத்துப்போவாள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் அடுக்குகிற ஆட்சேபங்களையெல்லாம் ஹரியானாவில் ஷாஹாபாதில் வண்டி இழுத்துப் பிழைத்த ஒரு தகப்பனாரும் சொன்னவர்தான். பிறகு மனம் மாறி அவர் அனுமதித்த ராணி ராம்பால், பதினைந்து வயதில் 2010 உலகக் கோப்பையில் ஆடி, டோக்கியோவில் இந்தியப் பெண்கள் அணி நான்காம் இடம் பெற்றபோது அதன் தலைவியாக நின்றாள். இன்னும் வடக்கே, லடாக்கின் லே நகரத்தில், குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் மாத்திரமே உறைந்து கிடக்கும் குளங்களின்மேல் ஐஸ் ஹாக்கி ஆடக் கற்ற பெண்கள் இருக்கிறார்கள். மற்ற மாதங்களில் அவர்களுக்குக் களமே கிடையாது. 2016-இல் தைபேயில் முதல் சர்வதேசப் பந்தயத்துக்குப் போக வழிச்செலவுக்குப் பொதுஜனங்களிடம் நிதி திரட்டினார்கள். அடுத்த ஆண்டு பாங்காக்கில் முதல் வெற்றியைக் கண்டார்கள். 2025-இல் அல் ஐன் நகரத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றார்கள். ஆண்டு முழுவதும் மைதானம் காய்ந்து கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு, நம் பெண்ணுக்கு வசதியில்லை என்று நாம் சொல்லலாமா?

ஜீவனத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டியதும்தான். அதற்குச் சில ஏற்பாடுகள் இப்போது இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் சேர ஒவ்வோர் ஆண்டும் தேர்வு நடக்கிறது, உணவும் உறைவிடமும் பயிற்சியும் அரசாங்கத்தின் செலவு, படிப்பும் நிற்பதில்லை. மாநில அரசு உத்தியோகங்களில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரயில்வேயும் ராணுவமும் எண்ணெய் நிறுவனங்களும் வங்கிகளும் போலீஸும் ஹாக்கி வீரர்களை வேலைக்கு எடுத்து அணிகள் நடத்துகின்றன. மீண்டும் தொடங்கியிருக்கும் ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டின் பெயரால் ஓர் அணி, தமிழ்நாடு டிராகன்ஸ், ஆடுகிறது. 2025-இன் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இவற்றால் உங்கள் பிள்ளைக்கு வேலை நிச்சயம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அப்படிச் சத்தியம் செய்கிற எவரையும் நம்பாதீர்கள். பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளையும் நீங்கள் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? நிச்சயம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால், பிள்ளைக்குப் பிறவியிலேயே எது கைவந்திருக்கிறதோ அதற்குக் கொஞ்சம் இடம் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லவில்லை. பொழுதுபோக்காக ஆடுகிற பிள்ளை ஆடட்டும், படிக்கட்டும், அதுவும் நல்லதே. ஐம்பது பேரில் ஒருவன், ஒருத்தி இருப்பார்கள்; மற்றவர்கள் களைத்து உட்கார்ந்த பிறகும் தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பார்கள்; தோற்ற அன்று இரவு சாப்பிட மாட்டார்கள். அந்தப் பிள்ளை யார் என்பது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, “இந்தப் பையனை நிறுத்திவிடாதீர்கள்” என்று கேட்டால், அவர் தம்முடைய லாபத்துக்காகக் கேட்கவில்லை என்பதை நம்புங்கள். பள்ளியிலேயே அதிகம் அலட்சியம் செய்யப்படுகிற மனிதர் அவர்தான். திருவிழாவுக்குப் பந்தல் போடவும், ஊர்வலத்தில் பிள்ளைகளை வரிசைப்படுத்தவும், மணியடிக்கவும் மாத்திரம் அவரை நினைக்கிறார்கள். அவருடைய வார்த்தைக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையில்தான் ஒரு பிள்ளையின் எதிர்காலம் தொங்குகிறது.

ஆகவே என் விண்ணப்பம் இது. உங்கள் பிள்ளைக்கு ஹாக்கி வருகிறதென்று ஆசிரியர் சொன்னால், பத்தாம் வகுப்பிலும் மாலையில் இரண்டு மணி நேரத்தை அதற்கு விட்டுக்கொடுங்கள்; படிப்புக்கு அதிகாலை இருக்கிறது, நம் வீடுகளில் எல்லோரும் எழுந்து பழகிய நேரம்தான் அது. அடுத்த விடுதித் தேர்வு எப்போது என்று விசாரித்து, ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். காலில் அடிபட்டால் எண்ணெய் தேய்த்துக் கட்டியதோடு விட்டுவிடாமல், எலும்பு வைத்தியரிடம் காட்டுங்கள். முட்டையும் பாலும் பயறும் அந்தப் பிள்ளைக்கு ஒரு கை அதிகம் போடுங்கள். பெண்பிள்ளைக்கும் அதே அளவு போடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், மைதானத்தின் மூலையில் இன்னொரு கட்டடம் எழுப்பலாம் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால், வேறு இடம் பாருங்கள் என்று எழுந்து சொல்லுங்கள். உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். பெரும்பாலான தகப்பன்மார்கள் தம் பிள்ளை ஆடி ஒரு முறையும் பார்த்ததில்லை. பாராமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நடவு வேலையும் அறுவடையும் இல்லாத ஒரு மாலையில் பள்ளி மைதானத்துக்குப் போய், ஓரமாக நின்று, ஆட்டம் தொடங்கியது முதல் முடிகிற வரை உங்கள் பிள்ளையைப் பாருங்கள். பார்த்த பிறகு, மட்டையைப் பரணில் ஏற்றுவதா வேண்டாமா என்று நீங்களே தீர்மானம் செய்யுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் பழைய தமிழாசிரியன்